புதுப்பிப்பு: நீர்த்துளிக்குள் தெரியும் பூ இப்போது கூர்மையாக விழுகிறது

புல் நுனியில் தொங்கும் நீர்த்துளியைப் படமெடுத்தால் அதனுள் தலைகீழாகத் தெரியும் செம்பருத்தி மங்கலாகவே விழுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

தானியங்கி ஃபோகஸை அணைத்துவிட்டு, மேக்ரோ லென்ஸை (மிக நெருக்கத்தில் படமெடுக்க உதவும் லென்ஸ்) 1:1 அளவில், அதாவது பொருள் தன் உண்மை அளவிலேயே கேமராவின் சென்சாரில் விழும்படி நிறுத்தி, முக்காலியில் பொருத்திய கேமராவையே மயிரிழை மயிரிழையாக முன்பின் நகர்த்தச் சொன்ன யோசனைதான் பலித்தது. லென்ஸின் திறப்பை எஃப்/2.8 இலிருந்து அதைவிடச் சிறிய எஃப்/11க்கு மாற்றியதால் குறைந்த வெளிச்சத்தை ஃபிளாஷ் ஈடுசெய்தது. காற்றில் புல் ஆடிய அசைவும் அதில் உறைந்துவிட்டது.

நான் எதிர்பாராதது ஒன்று உண்டு. துளி குவிலென்ஸாகச் செயல்படுவதால், பூவின் பிம்பம் துளியின் பரப்பில் அல்லாமல் அதற்குச் சற்று முன்னால், கேமராவின் பக்கமாக உருவாகிறது. துளியின் விளிம்பு தெளிவாக இருந்தபோதெல்லாம் பூ கலங்கியதற்கு இதுவே காரணம். இப்போது பிம்பத்திலேயே ஃபோகஸ் வைப்பதால் மகரந்தத்தின் மஞ்சள் புள்ளிகள்கூடத் தெரிகின்றன. விளிம்பும் அதே கூர்மையில் வேண்டுமெனில், ஃபோகஸை மாற்றி எடுத்த பல படங்களை அடுக்கி இணைக்க வேண்டியிருக்கிறது.