நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தை: சனி, ஞாயிறு போதுமா?

கேள்வி (கிருஷ்ணகிரி):
வீட்டுக்காரர் ஓசூர் கம்பெனி வேலையா ஜெர்மனியில மியூனிக்ல இருக்கார். டிசம்பர்ல நானும் போறேன். 2026 டிசம்பர் 26, 27 நியூரம்பெர்க் சந்தைக்குப் போகலாம்னு சொல்றார். எனக்கு ஓசூர் பனிக்கே காது அடைச்சுக்கும். அதோட சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டேன். சமாளிக்க முடியுமா?

பதில் 1 (காவேரிப்பட்டணம்):
அக்கா, முதல்ல தேதியை மாத்துங்க! அந்தச் சந்தை 24ஆம் தேதியோட முடிஞ்சுடும். 25, 26 ரெண்டு நாளும் அங்க அரசு விடுமுறை, கடையெல்லாம் சாத்திடுவாங்க. நாங்க அப்படித்தான் போய், பிரிச்சுக்கிட்டிருந்த மரக்கடைகளைப் பார்த்துட்டு வந்தோம். என் வீட்டம்மா இன்னும் சொல்லிக் காட்டுறா. 19, 20 போங்க.

மியூனிக்லேருந்து வேக ரயில்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. பகல் 12 மணிக்குச் சந்தைத் திடல் மாதாகோவில் கடிகாரத்துல பொம்மைகள் ராஜாவைச் சுத்தி வரும், விட்டுடாதீங்க. நாலேகாலுக்கெல்லாம் பொழுது சாஞ்சுடும், விளக்கு அழகே அப்பதான்.

பன்னுக்குள்ள மூணு குட்டி சாசேஜ் வச்சுத் தருவாங்க, அது பன்றிக்கறி. உங்களுக்கு வறுத்த சர்க்கரை பாதாம். சூடான ஒயின் வேண்டாம்னா 'கிண்டர்புன்ஷ்' கேளுங்க, சாராயம் கிடையாது. கோப்பைக்கு முன்பணம் வாங்குவாங்க, திருப்பிக் கொடுத்தா காசு வந்துடும்.

பதில் 2 (தருமபுரி):
காதுக்குக் குல்லா சரி, முக்கியம் காலு. கருங்கல் தரை, நின்னா ஜில்லுனு ஏறும். கம்பளி சாக்ஸ், கெட்டி அடி ஷூ.

கேட்டவர்:
தம்பி, 19னு சொல்லிட்டேன். "எனக்குத் தெரியும்"ங்கிறார்!