தெர்மைசேஷன்: ‘மட்டுச்சூடேற்றம்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

செம்மறி ஆட்டுப் பாலாடைக்கட்டி பற்றிய பக்கங்களில் வரும் ‘தெர்மைசேஷன்’ (பாலைப் பாஸ்டராக்கத்தைவிடக் குறைவாகச் சூடாக்குவது) என்ற சொல்லுக்குத் தமிழில் இதுவரை ‘அரைப் பாஸ்டராக்கம்’, ‘இளஞ்சூடேற்றம்’, ‘குறைவெப்பப் பதப்படுத்தல்’ என மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. உணவுப் பாதுகாப்பை வைத்துப் பார்த்தால் மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை.

> ‘அரைப் பாஸ்டராக்கம்’ என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடுமே?

புரியும், ஆனால் தவறாகப் புரியும். பாஸ்டராக்கம் என்பது 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி அல்லது 63 டிகிரியில் 30 நிமிடம். லிஸ்டீரியா, சால்மொனெல்லா, புருசெல்லா முதலிய நோய்க்கிருமிகள் அதற்குத் தாக்குப்பிடிப்பதில்லை. தெர்மைசேஷனில் பால் 57 முதல் 68 டிகிரிக்குள் 15 விநாடி அளவில் சூடாகிறது. கிருமிகள் குறையும், எவ்வளவு குறையும் என்பது சூட்டையும் நேரத்தையும் பாலில் முதலில் இருந்த எண்ணிக்கையையும் பொறுத்தது. 58 டிகிரியும் 68 டிகிரியும் ஒரே பெயரில் வந்தாலும் பலன் ஒன்றல்ல. ‘அரை’ என்று எழுதினால் பாதிப் பாதுகாப்பு உறுதி என்று வாசகர் கணக்குப் போட்டுவிடுவார்.

பாலில் இயல்பாக உள்ள அல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதியைக் கொண்டு இரண்டையும் பிரித்தறியலாம். பாஸ்டராக்கத்தில் அது செயலிழந்துவிடும். தெர்மைசேஷனுக்குப் பிறகும் வேலை செய்யும். நிறச் சோதனையில், நொதி வேலை செய்யும் பாலைச் சோதனை வேதிப்பொருளோடு சேர்த்து வெதுவெதுப்பாக வைத்தால் கரைசல் மஞ்சளாகும். செம்மறிப் பாலில் இந்த நொதி பசும்பாலைவிடக் கூடுதல். பசும்பாலுக்கு வகுத்த வரம்பை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது.

‘இளஞ்சூடேற்றம்’ கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இளஞ்சூடு கை பொறுக்கும் சூடு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 40 டிகிரிக்கு மேல் சூடாக்காத பால் பச்சைப்பால்தான். இந்தச் சொல் நம்மை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடும்.

‘குறைவெப்பப் பதப்படுத்தல்’ என்பதில் ஓரளவு நியாயம் உண்டு. செம்மறி ஆடு கறப்பது கொஞ்சம். பாலைச் சேர்த்துக் குளிரில் வைக்க வேண்டிவருகிறது. சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்தக் குளிரிலும் பெருகி, கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்கும் நொதிகளை விடுகின்றன. பின்னால் பாஸ்டராக்கினாலும் அந்த நொதிகள் முழுதாகப் போவதில்லை. அதனால் முன்கூட்டியே ஒரு சூடு காட்டுகிறார்கள். ஆனாலும் ‘பதப்படுத்தியது’ என்றால் இனி அச்சமில்லை என்றுதான் நம் காதில் விழுகிறது.

என் பரிந்துரை: மட்டுச்சூடேற்றம். மட்டான சூடு என்பது வழக்கில் உள்ளது. ‘மட்டுப்படுத்து’ என்ற வினையும் பக்கத்திலேயே நிற்கிறது. கிருமிகளுக்கு நேர்வதும் அதுவே.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம். மடிவீக்கம் கண்ட ஆட்டிலிருந்தும் கறப்பவர் கையிலிருந்தும் அது பாலுக்கு வரும். பாலைக் குளிரூட்டாமல் விட்டால் பெருகி நச்சை விடும். பிறகு சூடாக்கினால் கிருமி சாகும். நச்சு கொதிக்க வைத்தாலும் தங்கிவிடும். ஆகவே மடிநலம், கறந்தவுடன் குளிரூட்டல், உறைப்பாக்டீரியாக்கள் (பாலைப் புளிக்க வைக்கச் சேர்ப்பவை) விரைந்து புளிப்பேற்றுவது, உப்பு, முதிர்வுக்காலம் எல்லாம் சேர்ந்துதான் பாலாடைக்கட்டியைக் காக்கின்றன. இத்தாலியின் பெகோரினோ ரொமானோ என்ற செம்மறிப் பாலாடைக்கட்டிக்கு 68 டிகிரி வரை, 15 விநாடிக்கு மிகாமல் பாலை மட்டுச்சூடேற்ற அனுமதி உண்டு. ஆனால் நேரடியாக உண்ணும் வகையே குறைந்தது 5 மாதம் முதிர வேண்டும். சூட்டை மட்டும் நம்பி வகுத்த விதி அல்ல அது. முதிராத மென்கட்டிக்கு இதே பாலை எடுத்தால் ஆபத்தின் அளவே வேறு.

சொல்லடைவில் வெப்பநிலையையும் நேரத்தையும் விளக்கத்தின் முதல் வரியிலேயே சேர்க்க வேண்டுகிறேன். பெயரடையாக ‘மட்டுச்சூட்டுப் பால்’, ‘மட்டுச்சூடேற்றிய பால்’ இரண்டும் வரலாம். செய்முறையை வெளிப்படையாகச் சொல்வதால் பின்னதே எனக்குச் சரியாகப் படுகிறது. பால்வளத் துறையில் இருப்பவர்கள் வேறு சொல்லைப் புழங்கினால் அவசியம் எழுதுங்கள்.