காவிரிப் படுகையை விட்டுக் கொங்கு நாட்டில் தொழில் பெருகியது ஏன்?

கேள்வி (புவியியல் ஆசிரியை, மன்னார்குடி):
நீர், சமவெளி, துறைமுகம் ஆகியவை வாய்த்த இடத்தில் தொழிற்சாலைகள் பெருகும் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "அப்படியானால் நம் ஊர்க்காரர்கள் ஏன் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள்?" என்று கேட்டாள். ஆறும் நாகப்பட்டினமும் அருகிலிருந்தும் இங்கே அமையாத ஆலைகள், மழை மறைவுப் பகுதியான கோவை வட்டாரத்தில் எவ்வாறு அமைந்தன?

மறுமொழி (பஞ்சாலையில் ஓய்வு பெற்றவர், கோவை):
ஆசிரியைக்கு வணக்கம். கரிசலில் பருத்தி விளைந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில் நூல் அதிகம் அறுவதில்லை. முதல் ஆலையை 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் தொடங்கினாலும், 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகே ஆலைகள் மளமளவென்று பெருகின. ஆயினும் பஞ்சைவிடக் கிணறே பெரிய காரணம் என்பேன். ஆற்றுப் பாசனம் இல்லாத உழவர்கள் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டே போக, மாடு கட்டி இறைக்கும் கமலைக்கு எட்டாத தண்ணீரை இறைக்க மோட்டார் தேவைப்பட்டது. அதைப் பழுதுபார்த்த பட்டறைகளும் ஆலை உதிரிபாகம் வார்த்த பட்டறைகளும் சேர்ந்தே இங்கே பம்புசெட் தொழிலாக வளர்ந்தன. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் மின்மோட்டார் செய்தது இந்தச் சூழலில்தான்.

மறுமொழி (திருவாரூர்):
மண்ணை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். படுகையின் நன்செய் பெரும்பாலும் மிராசுதார்களிடமும் கோயில், மடங்களிடமும் இருந்தது. குத்தகை நெல் வீடு தேடி வந்தவருக்கு இயந்திரத்தில் பணம் போடும் அவசியமில்லை. சேற்றில் இறங்கி உழைத்தவரிடம் முதலீடு செய்யப் பணமே இல்லை. கொங்கிலோ, வானம் பொய்த்த ஆண்டுகளில் அடிபட்ட நடுத்தர விவசாயி, பிள்ளையை வேறு தொழிலில் இறக்கினார். (2020-ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டத்தால் எங்கள் படுகையில் உருக்காலையும் எண்ணெய்க் கிணறும் இனிப் புதிதாக வர முடியாது. அதில் எனக்கு மகிழ்ச்சியே.)

மறுமொழி (பனியன் கம்பெனி நடத்துபவர், திருப்பூர்):
இங்கே ஒரே கூரையின் கீழ் எல்லாம் நடப்பது குறைவு. நூல் ஒரு சந்தில் துணியாகி, டெம்போவில் ஏறிச் சாயப்பட்டறைக்குப் போய், சுருங்காமலிருக்க அழுத்திப் பதப்படுத்தும் காம்பாக்டிங் முடிந்து, கட்டிங் மேசைக்கு வந்து, பவர் டேபிள் என்னும் மின் தையல் இயந்திரத்தில் தைக்கப்படும். நான்கு மிஷின் வைத்திருப்பவரும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகலாம். சரக்கு லாரியில் தூத்துக்குடிக்குப் போய்விடுவதால், துறைமுகம் தொலைவில் இருப்பது பெரிய தடையாகவில்லை.

ஆனால் தண்ணீர் தடையானது. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் நொய்யல் ஆற்றில் வந்த சாயக்கழிவு தேங்கி, கீழ்ப்பகுதி வயல்கள் பாழாயின. 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இன்று கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தித்தான் நடத்துகிறோம். அதற்குமேல் தேவைப்படும் தண்ணீர், பவானி அருகே எடுக்கப்பட்டுக் குழாயில் வருகிறது. உங்கள் மாணவியிடம் சொல்லுங்கள், அதுவும் காவிரித் தண்ணீர்தான்.