சுறாவை நேருக்கு நேர் பார்த்தவர்கள் எழுதுங்கள்

காசிமேட்டுப் பையன்:
மாமாவின் ஃபைபர் படகில் போயிருந்தேன், எண்ணூருக்கு வெளியே, விடிகிற நேரம். வலை கனத்தது. பாறையில் மாட்டிவிட்டது என்று நினைத்தால் வலை எங்களை இழுக்கிறது. அம்மணி உழுவை, திமிங்கலச் சுறா என்பார்களே, அதுதான். படகைவிட நீளம், முதுகு முழுக்கக் கோலத்துக்கு வைத்த மாதிரி வெள்ளைப் புள்ளி. அது யாரையும் கடிக்காது, வாயைத் திறந்து தண்ணீரை உறிஞ்சி, செவுளில் வடிகட்டிச் சின்னச் சின்ன உயிர்களைத் தின்கிற ஜாதி, உங்களுக்கே தெரியும். எனக்கு மறக்காதது அதன் கண். அவ்வளவு பெரிய உடம்புக்கு வாயோரத்தில் சின்னக் கண். மாமா கை கிட்டே போனதும் அந்தக் கண் குழிக்குள் போய்விட்டது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வெளியே வந்தது. அதற்கு இமை கிடையாதாம், கண்ணையே உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். "அறுடா வலைய, சொறா ஓடிக்கினே இருந்தாதான்டா மூச்சு வுடும், செத்துடப் போவுது" என்று மாமா கத்தினார். அறுத்தோம். 2001-லிருந்து அதைப் பிடிக்கத் தடை, சரி, ஆனால் மாமா அன்றைக்குச் சட்டத்தை நினைத்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

தண்டையார்பேட்டைக்காரி:
தடைக்காலம் முடிந்து லாஞ்சுகள் திரும்பிய வாரம், ஏலம் விடுகிற இடத்தில் ஒரு கொம்பன் சுறா கிடந்தது, தலை சுத்தியல் மாதிரி இரண்டு பக்கமும் கொம்பாக நீண்டிருக்குமே, அது. வெட்டுகிற அண்ணன் வயிற்றைக் கீறினார், குட்டிகள் வழுக்கிக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றுக்கும் தொப்புள்கொடி. கொம்பு இரண்டும் பின்பக்கம் மடங்கி உடம்போடு படிந்திருந்தது, பிறக்கும்போது தாய்க்குக் குத்தாமல் இருக்க அப்படித்தான் இருக்குமாம், அப்புறம் விரியுமாம். ஒரு குட்டி வாயைத் திறந்து மூடியது. "இத்த எடுத்துக்கமா, காசு வாணாம்" என்றார். நான் அங்கே நிற்கவில்லை. அந்தக் கொம்பு மணலுக்குள் புதைந்த திருக்கையைக்கூடக் கண்டுபிடிக்கும், இரையின் உடம்பிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தை உணரும். வஞ்சிரம் மாதிரி லட்சக்கணக்கில் முட்டை விடுகிற மீன் இல்லை இது. வயிறு பெருத்த சுறா என்றால் கடலிலேயே விட்டுவிட்டு வரக்கூடாதா?

ஒற்றியூர் அம்மா:
தண்டையார்பேட்டைத் தங்கச்சி, வலை மேலே வரும்போதே பாதி செத்திருக்கும், இருட்டில் வயிற்றைத் தடவிப் பார்க்க யாருக்கு நேரம்? என் வீட்டுக்காரர் கடலுக்குப் போனவர், அதனால் சொல்கிறேன். என் கதை சின்னது. மூத்தவன் பிறந்தபோது மாமியார் பால் சுறா வாங்கி வந்து புட்டு செய்து, வாயில் ஊட்டியே விட்டார், பால் ஊறுமென்று. அந்த மஞ்சள், பூண்டு வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது, அந்தக் கைப்பக்குவம் எனக்கு வரவே இல்லை.
சுறா வாங்குகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் முகர்ந்து பாருங்கள். சுறா ரத்தத்திலும் சதையிலும் யூரியா இருக்கும், செத்த பிறகு அது அம்மோனியாவாகும், மூக்கில் ஏறுகிற நெடி வந்தால் தொடவே தொடாதீர்கள். நல்லதாக இருந்தால் துண்டு போட்டு, மஞ்சள் போட்ட தண்ணீரில் வேகவைத்து, சூடு இருக்கும்போதே தோலை உரித்துவிடுங்கள், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். தோல் முழுக்கப் பல் மாதிரி நுணுக்கமான செதில், ஒரு துணுக்கு கலந்தாலும் வாயில் நறநறக்கும். எலும்பு இல்லை, குருத்துதான், அதை எடுத்துவிட்டு உதிர்த்து, துணியில் கட்டிப் பிழியுங்கள். வெங்காயமும் பூண்டும் சதைக்குச் சமமாக இருக்க வேண்டும், பச்சைமிளகாய் உங்கள் விருப்பம். தேங்காய் போடுகிறவர்கள் போடலாம், எனக்குப் பிடிக்காது. சின்னச் சுறாவாகப் பாருங்கள், பெரியதில் பாதரசம் சேர்ந்திருக்கும், மாசமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் பெரிய சுறா பக்கமே போக வேண்டாம்.

கல்லுக்கரை:
காசிமேட்டுத் தம்பிக்கு: எல்லாச் சுறாவும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது தப்பு. திருவொற்றியூரில் கல் கொட்டிய இடத்தில் தூண்டில் போட்டபோது மூங்கில் சுறா ஒன்று மாட்டியது, முழங்கை நீளம். முள்ளைக் கழற்றிப் பள்ளத்துத் தண்ணீரில் விட்டேன். அது அசையாமல் அடியில் படுத்துக்கொண்டு வாயாலேயே தண்ணீரை இழுத்துச் செவுள் வழியாகத் தள்ளியது. ஐந்து செவுளும் வரிசையாகத் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடுத்த அலை வந்து அதைக் கொண்டுபோய்விட்டது. இது குட்டி போடுவதும் இல்லை, தோல் பை மாதிரிக் கூட்டுக்குள் அடைத்து முட்டை போடும். சுறா என்ற ஒரே பேரில் எத்தனை விதம்! புதுச்சேரியின் பேரிலேயே ஒரு சுறா உண்டு, 1979-க்குப் பிறகு அறிவியல்காரர்கள் கைக்கு ஒன்றுகூடச் சிக்கவில்லை. பொடிச் சுறா என்று கூடையில் கொட்டுவதில் அது இருந்தால் நமக்குத் தெரியுமா?

காசிமேட்டுப் பையன்:
கல்லுக்கரை அண்ணே, மாமாவிடம் சொன்னேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேற சொறா என்கிறார். அம்மா, குஜராத்தில் அம்மணி உழுவைக்காக வலையை அறுத்தவர்களுக்கு வனத்துறை இழப்பீடு கொடுக்கிறது. இங்கே யாராவது அப்படி வாங்கியிருந்தால் எங்கே போய் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள், மாமா இன்னும் கடன் கட்டிக்கொண்டிருக்கிறார்.