கடவுளை அழைக்காமல் வின்டர் சால்ஸ்டிஸ் சடங்கு: லண்டனில் எப்படி நடத்துவது?

ஓக்மரத்தடி:
லண்டனில் மூன்று குடும்பம், பிள்ளைகளோடு பத்துப் பேர். கடவுள் நம்பிக்கை யாருக்கும் இல்லை, ஆனால் பேகன்களின் (இயற்கையைப் போற்றும் சமயத்தாரின்) பருவச் சடங்குகள் பிடித்திருக்கின்றன. டிசம்பரில் (21 வாக்கில்) பகல் மிகக் குறைந்த நாளான வின்டர் சால்ஸ்டிஸோடு ஆரம்பிக்கலாம் என்று பேச்சு. தெய்வங்களை அழைப்பதை எடுத்துவிட்டால் சடங்கில் என்ன மிஞ்சும்? வாரநாளில் வந்தால் தேதியை மாற்றலாமா? தோட்டத்தில் தீ மூட்டலாமா? வருடத்துக்கு எட்டுப் பண்டிகையும் கட்டாயமா?

வானம்பாடி_72:
தேதியைத் தாராளமாக மாற்றலாம். சால்ஸ்டிஸ் அன்று லண்டனில் பகல் சுமார் 7 மணி நேரம் 50 நிமிடம். நாலு நாள் முன்பின் போனாலும் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் கூடும். பக்கத்துச் சனிக்கிழமை போதும்.

பிள்ளைகளிடம் "இன்றுதான் சூரியன் ரொம்ப சீக்கிரம் மறைகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது டிசம்பர் 12 வாக்கிலேயே முடிந்துவிடும். மிகத் தாமதமான உதயமோ வருடக் கடைசியில். பூமியின் சாய்வும் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து, அந்த வாரங்களில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தைத் தினமும் அரை நிமிடம் போலத் தள்ளிக்கொண்டே போகின்றன.

"உத்தராயணம் தை 1தானே?" என்று ஊரிலிருந்து பெரியவர்கள் கேட்பார்கள். சூரியன் வடக்கே திரும்புவது சால்ஸ்டிஸில்தான்; நம் பஞ்சாங்கம் நட்சத்திரத்தை வைத்துக் கணிப்பது. அதனால் சுமார் 72 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் விலகி, இப்போது மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி.

இலையுதிர்:
நிறையவே மிஞ்சும். கலிபோர்னியாவின் மார்க் கிரீன் உருவாக்கிய ஏதியோபேகன் (நாத்திகப் பேகன்) முறையில் தெய்வத்துக்குப் பதிலாக அன்றைக்கு வேண்டிய குணங்களைத்தான் அழைப்பார்கள்: பொறுமை, துணிவு, இப்படி. வந்து கூடுதல், அழைத்தல், நடுச்செயல், நன்றி, விடைபெறல். இதுதான் வரிசை.

நடுச்செயலை இருட்டிலேயே வையுங்கள். சூரியன் 3:53 வாக்கில் மறையும், 3:30க்கே எல்லாரும் கூடட்டும். மேற்கு பார்த்த ஜன்னல் பக்கம் நின்று அஸ்தமனத்தைப் பாருங்கள். பிறகு விளக்கு, டிவி, ஃபோன் எல்லாம் அணைத்துவிட்டு உட்காருங்கள். அந்தி வெளிச்சம் வடிய 40 நிமிடமாகும். முழுக்க மௌனம் பிள்ளைகளுக்குத் தாங்காது; கடந்த வருடத்தில் போனது எது என்று ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லலாம். 4:35க்கு நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. அதிலிருந்து ஒவ்வொருவரும் தங்களுடையதை ஏற்ற வேண்டும். ஏற்றாத திரியைத்தான் சாய்க்க வேண்டும், எரிவதைச் சாய்த்தால் உருகிய மெழுகு கையில் கொட்டும். அடியில் அட்டை வளையம், கூந்தலை முடிந்துகொள்வது, ஒரு வாளித் தண்ணீர். உடனே சாப்பாடு.

பெரும்பாலும் சொதப்புவது பேச்சுதான். ஒருவர் பத்து நிமிடம் தத்துவம் பேசினால் கூட்டம் கலைந்த மாதிரி. அடுத்த முறை நடத்துபவர் யார் என்று அன்றே முடிவு பண்ணுங்கள். ஒரே ஆள் நடத்தினால் இரண்டு வருடத்தில் பூசாரி ஆகிவிடுவார்.

முள்ளெலி:
தீ பற்றி. விறகைப் பல நாள் முன்பே குவித்து வைத்தால் முள்ளெலி உள்ளே போய்க் குளிர்கால உறக்கம் போட்டுவிடும். அன்றைக்கே வேறு இடத்தில் புதிதாக அடுக்குங்கள். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் புகைதான் வரும், சூடு வராது. பெயின்ட் அடித்த பலகை கூடவே கூடாது. புகை அண்டை வீட்டுக்குத் தொல்லையானால் 1990 சுற்றுச்சூழல் சட்டப்படி கவுன்சில் நடவடிக்கை எடுக்கலாம். சின்னத் தோட்டம் என்றால் கால் வைத்த இரும்புத் தீச்சட்டி போதும்.

அலங்காரத்துக்கு ஹோலி, ஐவி செடிக் கிளைகள் வைக்கலாம், கைக்கு எட்டாத உயரத்தில். சின்னப் பிள்ளைகள் இருந்தால் யூ மரக்கிளையும் மிசில்டோ பழமும் வீட்டுக்குள்ளேயே வேண்டாம், இரண்டும் நஞ்சு. காணிக்கை என்று மரத்தடியில் உப்புக் கொட்டுவதும் மரத்தில் காசு அடிப்பதும் மரத்துக்குக் கேடு. சாம்பிராணிக்குப் பதில் வெள்ளை சேஜ் என்ற மூலிகையை வாங்குகிறார்கள். காட்டில் அதை அளவுக்கு மீறிப் பறிக்கிறார்கள். தோட்டத்து ரோஸ்மேரி போதாதா?

இலையுதிர்:
எட்டு என்பது விதி அல்ல. எட்டுப் பண்டிகை கொண்ட வருடச் சக்கரத்தை இந்த வடிவில் சேர்த்தது 1950களில் இரண்டு நவீன பேகன் குழுக்கள்: ஜெரால்ட் கார்ட்னரின் விக்கா வட்டமும் ராஸ் நிக்கல்ஸின் ட்ரூயிட்களும். செப்டம்பர் சம இரவுப் பண்டிகைக்கு மேபன் என்ற பெயரே 1970களில் ஏய்டன் கெல்லி வைத்தது. நான்கோடு தொடங்குங்கள்.

முள்ளெலி:
நான்கு சரி, ஆனால் நான்கும் சூரியக் கணக்காகவே இருக்க வேண்டாம். சம இரவு நாளில் தோட்டத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. பிப்ரவரி ஆரம்பத்தில் ஸ்னோட்ராப் என்ற வெள்ளைப் பூ பூத்திருக்கும், ஆகஸ்டில் பார்லி அறுவடை. பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம். முதல் பூ, முதல் தவளை முட்டை தேதிகளை உட்லண்ட் ட்ரஸ்ட் என்ற மரப் பாதுகாப்பு அமைப்பின் நேச்சர்ஸ் காலண்டர் பதிவேட்டில் பதியுங்கள். நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் 1736இல் தொடங்கிய குறிப்பு வேலையின் தொடர்ச்சிதான் அது.