ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு லேசாக இருக்குமா?

இலங்கையில் ஹட்டனுக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் என் தந்தை 26 ஆண்டுகள் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தார். அவற்றில் பெரும்பகுதி தூள் சலிக்கும் இடத்தில் கழிந்தது. மாலையில் வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வந்து அமரும்போது அவருடைய புருவத்திலும் காதோர முடியிலும் பஞ்சு போன்ற பழுப்புத் தூசி ஒட்டியிருக்கும். இருமலுக்கும் இழுப்புக்கும் பனியே காரணம் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். மலையகத்தில் நெஞ்சு நோய் எதுவானாலும் பழி முதலில் பனிக்குத்தான்.

தோட்டத்து டிஸ்பென்சரியிலும் பிறகு கிளினிக்கிலும் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: "பீடி குடிப்பீங்களா?" இல்லை என்றதும் மருந்து எழுதினார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் ஓர் இளம் மருத்துவர்தான், "ஐயா, லீவு நாள்ல நெஞ்சு லேசா இருக்குமா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாக உறங்குவதாகத் தந்தை சொன்னார். எங்களுக்கும் அது தெரியும். சொல்லத்தக்க செய்தி என்று நினைத்ததில்லை. வேலை நாட்களில் கூடி ஓய்வில் தணியும் இழுப்பு, தொழிலால் வரும் ஆஸ்துமாவின் முக்கிய அடையாளமாம். தேயிலைத் தூசியால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி நம் நாட்டு மருத்துவர் ஊரகொட 1970இலேயே எழுதியிருக்கிறார் என்பதைப் பின்னர் அறிந்தபோது எனக்குக் கோபமே வந்தது.

அம்மா, கொழுந்து பறித்துவிட்டு வந்து, புகைபோக்கி இல்லாத காம்பராவில் (லயத்து அறையில்) ஈர விறகை ஊதி ஊதி எரித்தவர். அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தபோது, அடுப்புப் புகைதான் காரணமா என்று கேட்டேன். ஒரு நோயாளியை மட்டும் வைத்து அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர், நேர்மையான பதில்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வீட்டு விறகுப் புகையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றோடும், அஸ்பெஸ்டஸ், சிலிக்காத் தூசி, டீசல் புகை ஆகியவற்றை ஐயமின்றி உண்டாக்குபவற்றோடும் சேர்த்திருக்கிறது.

அஸ்பெஸ்டஸ் என்று படித்ததும் தம்பியின் நினைவு வந்தது. அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடு உடையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. அறுக்கும்போதும் துளையிடும்போதும் பறக்கும் நுண்ணிழைகளே நுரையீரலில் தங்குகின்றன, நோய் வெளிப்பட 20, 30 ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். கொழும்பில் 4 ஆண்டுகள் கூரை வேலை செய்த அவன் இப்போது கடை வைத்திருக்கிறான். சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) மட்டும் கிளினிக் போகிறான். அவனுடைய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் அந்த 4 ஆண்டுகளை நானே எழுதி வைத்திருக்கிறேன்.