புதுப்பிப்பு: காவேரிப்பட்டணம் விளையாட்டிடம், சறுக்குமரத்தைத் திருப்பிய பிறகு

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் அருகே நாங்கள் வடிவமைத்த விளையாட்டிடத்திற்குப் பிற்பகலில் ஒரு குழந்தைகூட வருவதில்லை என்று சென்ற கோடையில் இங்கே எழுதி, யோசனை கேட்டிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

பிழை எங்கள் வரைபடத்திலேயே இருந்தது. மேற்குப் பார்த்து நின்ற சறுக்குமரத்தின் இரும்புத் தகட்டில் மூன்று மணிக்கு உள்ளங்கையை வைத்தபோது ஒரு நொடிகூடத் தாங்க முடியவில்லை. அதை வடக்கு நோக்கித் திருப்பி, முன்பே அங்கிருந்த புங்கமரத்தின் நிழலுக்குள் கொண்டுவந்து, குழந்தைகள் இறங்கும் இடத்தில் 30 செ.மீ. ஆழத்துக்கு மணல் நிரப்பினோம்.

மீதிப் பணத்தில் புதிய கருவிகள் எதுவும் வாங்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் டச்சுக் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947 முதல் நூற்றுக்கணக்கான விளையாட்டிடங்களை மணற்குழி, தாண்டுகற்கள், குட்டிக்கரணக் கம்பிகள் போன்ற எளிய உறுப்புகளைக் கொண்டே அமைத்தார். கருங்கல்லுக்குப் பஞ்சமில்லாத கிருஷ்ணகிரிக்கும் அதுவே பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன். குவாரியில் ஒதுக்கிய கற்களை விளிம்பு மழுக்கிப் பதித்தோம். அவற்றில் ஒன்றில் கல்தச்சர் பல்லாங்குழி ஆட 14 குழிகளைக் கொத்தித் தந்தார். பள்ளி விட்டதும் முதலில் கூட்டம் சேர்வது அந்தக் கல்லைச் சுற்றித்தான். பேத்தியோடு வரும் ஆயா ஒருவர் புளியங்கொட்டைகளை முந்தானையில் முடிந்து எடுத்து வருகிறார்.

குடிநீர்க் குழாயடி மட்டும் இன்னும் சேறாகிறது. மழைக்கு முன் அங்கே வடிகால் வெட்ட வேண்டும்.